முள் காட்டும் வெறுமை

இலக்கியம் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் கார் என்ஜினுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒன்றைப் பிரித்துப் போடாமலேயே அதன் உள்நிலையை அறிவது எப்படி என்ற கேள்வி வைத்தியருக்கும் உரையாசிரியருக்கும் பொதுவானது. அதே கேள்விக்குக் கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

கருவி எளியது. கைப்பிடியை அமுக்க அமுக்கக் காற்றை உறிஞ்சும் சிறு பம்பு, அதன் தலையில் கடிகாரம் போன்ற வட்ட மீட்டர், ஒரு முழ நீள ரப்பர் குழாய். பட்டறைகளில் இதை வேக்குவம் பம்பு என்பார்கள். மீட்டரை மட்டும் தனியே வாங்கினால் வேக்குவம் கேஜ்.

பெட்ரோல் என்ஜின் மூச்சு விடும் பிராணியைப் போன்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உள்ளிழுக்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத வேளையில் காற்று வரும் வழியை ஒரு தகடு ஏறக்குறைய மூடி நிற்கிறது. இழுக்கும் வலு பெரிது, வரும் காற்றோ சிறிது. ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள மேனிபோல்டு குழாயில் ஒரு வெறுமை உண்டாகிறது. அது முழு வெற்றிடம் அன்று. வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைந்த நிலை, அவ்வளவே. 1643இல் இத்தாலியில் டாரிசெல்லி செய்த சோதனையில் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறத்தாழ 30 அங்குல உயரத்தில் நின்றது. அந்தப் பாதரச அங்குலமே இன்றும் இந்த மீட்டரின் அளவை. கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில், நலமாக உள்ள என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது முள் 17க்கும் 21க்கும் இடையே எங்கேனும் அசையாமல் நிற்கும்.

எங்களுக்கு வியப்பளித்தது இந்த 'அசையாமல்' என்ற சொல்தான். எண் எவ்வளவு என்பதைக் காட்டிலும் முள் எப்படி நிற்கிறது என்பதே முதன்மை. முள் ஒரே தாளத்தில் இரண்டு மூன்று கோடு துள்ளி விழுந்து எழுந்தால், ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை; அந்த சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் துள்ளுகிறது. சும்மா ஓடும்போது படபடவென நடுங்கி, வேகம் கூட்டியதும் நடுக்கம் அடங்கினால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. வேகம் கூடக்கூட நடுக்கமும் கூடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சற்று உயர்ந்த வேகத்தில் நிறுத்தி வைத்திருக்கையில் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு. முள் ஆடவே இல்லை, ஆனால் தாழ்ந்து நிற்கிறது என்றால், தீப்பொறி பிந்துகிறது அல்லது எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாத பித்த கபங்களின் நடையைப் பிரித்தறிவதைப் போன்றதுதான் இது. வேறுபாடு ஒன்றே: இங்கே நாடியை அருகில் நிற்பவரும் கண்ணால் காணலாம்.

எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நம் ஊர்ப்பக்கத்திலேயே சான்று உண்டு. ஆயிரம் அடி உயரம் ஏறினால் முள் ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கும். மதுரைச் சமவெளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர்தான். கொடைக்கானலோ 7000 அடி. மதுரையில் 19 காட்டிய கார், வத்தலக்குண்டு வழியாக மலையேறி ஏரிக்கரையில் நிற்கும்போது 12 காட்டும். மதுரையில் 12 என்பது நோய். கொடைக்கானலில் அதுவே நலம். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மருதத்தில் ஒரு பொருள் தருவது குறிஞ்சியில் வேறு பொருள் தரும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு, மீட்டரின் முள்ளுக்கும் திணை உண்டு என்பது மகிழ்ச்சியான செய்தி.

இக்கருவியை நாங்கள் அறிந்துகொண்டது 2009ஆம் ஆண்டு ஐப்பசியில். திருநகரிலிருந்து ஒரே கல்லூரிக்குச் சென்றுவந்த ஆசிரியர்கள் மூவர் நாங்கள். எங்களில் ஒருவரின் தந்தை விட்டுக்கொடுத்த 1996ஆம் ஆண்டு மாருதி 800இல் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொண்டு போய்வந்தோம். பழங்காநத்தம் சிக்னலில் நின்றால் வண்டி உதறும். சில நாள் அணைந்தே போகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது. பட்டறை ஒன்றில் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மூவரும் அப்போது தொகுப்பூதியக்காரர்கள். எங்களில் ஒருவரின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை அது.

பிரிப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று திருநகர் இரண்டாவது ஸ்டாப்பை அடுத்த ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் ஸ்பேனரைத் தொடவில்லை. மேனிபோல்டிலிருந்து ஒரு சிறு குழாயைக் கழற்றி மீட்டரை மாட்டினார். முள் 13இல் நின்றது, ஆடவில்லை. பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று திருகி விட்டார். முள் பூச்சியம்வரை விழுந்து, விட்டதும் 24 வரை துள்ளி, மீண்டும் 13க்கு வந்தது.

"ரிங்கு போயிருந்தா இவ்வளவு தூரம் ஏறாது சார். எங்கயோ காத்து வாங்குது" என்றார்.

ஒவ்வொரு ரப்பர் குழாயாக விரலால் நசுக்கிப் பார்த்தார், முள் மாறவில்லை. ஒரு பழைய பிரஷ்ஷால் என்ஜின் ஆயிலைத் தொட்டு, கார்புரேட்டர் அமர்ந்திருக்கும் இணைப்பைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஆயில் உள்ளே இழுபட்டது, உதறல் அடங்கியது, முள் 17ஐத் தாண்டியது. அடியிலிருந்த பேக்கிங் விரிசல் கண்டிருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் பம்பின் தனி வேலை. மீட்டர் என்ஜின் சொல்வதைக் கேட்கும். பம்போ ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே கேள்வி கேட்கும். என்ஜினை அணைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலுள்ள தட்டு வடிவ அட்வான்ஸ் யூனிட்டில் குழாயைச் செருகிக் கைப்பிடியை அமுக்கினார். உள்ளே மெல்லிய ரப்பர்ச் சவ்வு உண்டு. வெறுமை அதை இழுக்க, தீப்பொறி விழும் நேரம் முந்தும். சவ்வு நலமாயிருந்தால் முள் 15இல் ஏறி அங்கேயே நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்தால் உள்தட்டு நகர்வதையும் காணலாம். எங்கள் வண்டியில் முள் ஏறவே மறுத்தது. சவ்வு கிழிந்திருந்தது. பெட்ரோல் மிகுதியாகச் செலவானதற்கு அதுவும் காரணம். ஒரு பேக்கிங், ஓர் அட்வான்ஸ் யூனிட், கூலி என எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

"பிரிக்கிறதுக்கென்ன சார், எப்ப வேணாலும் பிரிக்கலாம். பிரிக்காமத் தெரிஞ்சுக்கிட முடியுதான்னு மொதல்ல பாக்கணும்."

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோய், நோயின் காரணம், தணிக்கும் வழி என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார். நம் பட்டறைகள் பலவற்றில் முதலாவதிலிருந்து மூன்றாவதற்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். இடையிலுள்ள காரணத்தைத் தேடும் பொழுதுக்குக் கூலி கேட்க அவர்களுக்குக் கூச்சம். கொடுக்க நமக்கு மனமில்லை. பாகம் மாற்றினால் பணம் கொடுக்கிறோம். பாகம் மாற்றத் தேவையில்லை என்று கண்டு சொன்னவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பெரியவரின் பட்டறையில் அன்று நாங்கள் கண்ட திறமையின் பெரும்பகுதி, அவர் செய்யாமல் விட்ட வேலைகளில் இருந்தது. அதற்கும் விலை உண்டு என்பதை வண்டி வைத்திருப்போர் உணர்ந்தாலொழிய இத்தகையவர்கள் நிலைக்க மாட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. பல கார்களில் பிரேக்குக்குத் துணையாக நிற்கும் பூஸ்டர் இந்த வெறுமையால்தான் இயங்குகிறது. நம் காலின் அழுத்தத்தை அது பெருக்கித் தருகிறது. பம்பைச் செருகி 20 அங்குலம் ஏற்றி வைத்தால் முள் நிற்க வேண்டும். இறங்கினால் சவ்வு கிழிந்தது. கருவி இல்லாதோரும் ஒரு சோதனை செய்யலாம். என்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் சிறிது கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரோ அதற்கு வரும் குழாயோ பழுது. கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து உருட்டி வருவோரை இன்னும் காண்கிறோம். என்ஜின் நின்றால் வெறுமை பிறப்பதும் நின்றுவிடும்; பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டுமே. அதன்பின் கொண்டை ஊசி வளைவில் நம் கால் பலம் ஒன்றே துணை.

டீசல் என்ஜினில் காற்றை மறிக்கும் தகட்டுக்கு வேலை குறைவு. ஆகவே இந்த வெறுமை இயல்பாக உண்டாவதில்லை. பூஸ்டருக்காகவே தனியொரு பம்பை வைத்து அதை உண்டாக்குகிறார்கள். மின்சாரக் கார்கள் சிலவற்றில் அதற்கென ஒரு மோட்டார் இருக்கிறது.

மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுபோயின. கார்புரேட்டருக்கு முன்பே விடைகொடுத்தாயிற்று. இன்றைய கார்களில் மேனிபோல்டின் அழுத்தத்தை ஒரு சென்சாரே அளந்து கணினிக்குச் சொல்லிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. ஸ்கேனரைச் செருகினால் திரையில் 'பி 0171' என்று வரும். கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். காற்று எந்தக் குழாயின் எந்த விரிசல் வழியே நுழைகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. எண்ணைப் பார்த்துச் சென்சாரை மாற்றுவோரும், மாற்றிய பிறகும் அதே எண் வரக் கண்டு திகைப்போரும் உண்டு. விரலால் நசுக்கியும் பிரஷ்ஷால் தடவியும் தேடிய அந்தப் பொறுமை இப்போதும் தேவைப்படுகிறது.

பெரியவர் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். பழுதுபார்த்து முடித்த வண்டியின் எண்ணுக்கு நேரே தேதியையும் முள் நின்ற அளவையும் குறிப்பார். எங்கள் வண்டிக்கு அன்று 19 என்று எழுதினார். நலமாயிருந்தபோது எடுத்த அளவு கையில் இருந்தால்தான் நலங்கெட்ட நாளில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும் என்பது அவர் கணக்கு. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள், அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் இந்த ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளலாம். மீட்டரை மாட்டி எடுக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு உரிய கூலியையும் மறவாமல் கொடுத்துவிடுங்கள்.