ஒரு கிதார், இரண்டு ஊர்

வீட்டில் வளர்ந்த பிள்ளையோ பெண்ணோ இருந்து, "எனக்கு எலெக்ட்ரிக் கிதார் வேண்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றால் அம்மாமார் பாடு திண்டாட்டந்தான். கடைக்குப் போனால் எல்லாம் ஒரே உருவம், ஒரே வர்ணம். விலையோ ஒன்றைப்போல் மற்றொன்று இரண்டு மடங்கு! "இது அமெரிக்காவில் செய்தது, இது மெக்ஸிகோவில் செய்தது" என்பார் கடைக்காரர். குழந்தையின் கண் விலை உயர்ந்ததன் மேலேயே இருக்கும். நீங்கள் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

விலை ஏன் இப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தக் கிதார் பிறக்கும் ஊர்களை ஒரு முறை பார்த்துவிட்டு வருவது நல்லது. வாருங்கள், போவோம். டிக்கெட் செலவு இல்லை!

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து தென்கிழக்கே ரயிலில் சுமார் அரைமணி நேரம் போனால் ஃபுல்லர்டன் என்ற ஊர் வரும். ஜில்லாவின் பெயரே 'ஆரஞ்சு'. ஒரு காலத்தில் பார்த்த இடமெல்லாம் ஆரஞ்சுத் தோப்பாக இருந்ததாம். அப்படிப்பட்ட பிரதேசத்தில், 1909-ல், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் லியோ ஃபெண்டர். கணக்கு எழுதும் வேலையில் இருந்தார். நாட்டில் பொருளாதார மந்தம் வந்தது, வேலை போயிற்று. 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்தார். பாட்டுக் கச்சேரி செய்கிறவர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளை அங்கே பழுது பார்க்கக் கொண்டுவருவார்கள். அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஃபெண்டர் கிதார் செய்யவே ஆரம்பித்தார்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மனிதருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! ஆனால் ரிப்பேர்க்காரருக்கே உரிய புத்தி இருந்தது. கிதாரின் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் 4 திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து கெட்டுப் போனால் கழற்றி வேறொன்று மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். 1951-ல் 'டெலிகாஸ்டர்' என்று பெயர் பெற்ற அந்தக் கிதார், பார்ப்பதற்குச் சப்பாத்திப் பலகை மாதிரி தட்டையாக இருக்கும்.

வாசித்தவர்கள் சும்மா இருந்தார்களா? பலகையின் ஓரம் விலா எலும்பில் குத்துகிறது என்று பில் கார்சன் போன்ற கலைஞர்கள் குறை சொன்னார்கள். ஆகவே அடுத்ததாக வந்த 'ஸ்ட்ராடோகாஸ்ட'ருக்கு, உடம்போடு பொருந்தும்படி வளைவு கொடுத்து இழைத்தார்கள். 1954-ல் அது வெளிவந்தபோது விலை 249 டாலர் 50 சென்ட். அந்த நாளில் அது சாமானிய விலை அல்ல.

இங்கே பெண்களைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எலெக்ட்ரிக் கிதாரின் தந்திகளுக்கு அடியில் 'பிக்அப்' என்ற சிறு பட்டை ஒன்று இருக்கிறது. அதில் 6 சின்னக் காந்தங்கள். அவற்றைச் சுற்றித் தலைமயிர் கனமே உள்ள செம்புக் கம்பி ஏறக்குறைய 8,000 சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக் காட்டுகிறது. யந்திரம் சுழலச் சுழல, அந்த மெல்லிய கம்பி அறுந்துவிடாமல் விரல்களால் பதமாக வழிநடத்தியவர்கள் ஃபுல்லர்டன் தொழிற்சாலைப் பெண்கள். அபிகெயில் இபார்ரா என்ற அம்மாள் 1956-ல் வேலைக்குச் சேர்ந்து, 2013-ல்தான் ஓய்வு பெற்றார். 57 வருஷம்! அவர் பெயரின் முதலெழுத்துக்கள் உள்ள பிக்அப் கிடைத்தால் ரசிகர்கள் கேட்ட விலை கொடுக்கிறார்கள்.

1965-ல் ஃபெண்டர் தம் கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்றார். அதற்குப் பிறகு செய்தவை மட்டம் என்று சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஆனால் 1969-ல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஜனங்களை மயக்கினாரே, அந்த வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர் எந்த வருஷத்தது தெரியுமா? 1968! இன்று அது சியாட்டில் நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. முகம் சுளிப்பவர்களும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

1985-ல் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களே அதைத் திரும்ப வாங்கி, பக்கத்திலுள்ள கரோனாவில் புதுத் தொழிற்சாலை வைத்தார்கள். கரோனா ஒரு காலத்தில் எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அதன் பிரதான வீதி வட்டமாக இருக்கும். 1913-ல் அந்த வட்டத்திலேயே மோட்டார்ப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். கடைக்காரர் 'அமெரிக்கா' என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, அது இந்த ஊரைத்தான்.

இனித் தெற்கே புறப்படுவோம். ஸான் டியாகோவைத் தாண்டி, எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்டி, டிஹுவானாவைக் கடந்து, கடலை ஒட்டியே போனால் என்ஸெனாடா. துறைமுக ஊர். மீன் வைத்துச் சுருட்டிய சோள ரொட்டிக்குப் பிரசித்தமானது. கரோனாவிலிருந்து மொத்தம் 300 கிலோமீட்டருக்கு உள்ளேதான். சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரங்கூட இல்லை. 1987-ல் அதே கம்பெனி இங்கேயும் தொழிற்சாலை அமைத்தது. அதே உருவம், அதே அளவுள்ள தந்தி, அதே 4 திருகாணி. விலை மட்டும் ஏறக்குறையப் பாதி!

ஏன்? உலோக உறுப்புகளிலும் பிக்அப்பிலும் கடைசி மெருகிலும் கரோனாவில் கூடுதல் செலவு செய்கிறார்கள், அது நிஜம். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் கூலி அதிகம், அந்தப் பக்கம் குறைவு என்பதும் பெரிய காரணம். நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு வாத்தியத்துக்குப் போகிறது. ஒரு பங்கு ஊர்ப் பெயருக்குப் போகிறது. கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது பங்கினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்படியானால் எதை வாங்குவது? கேளுங்கள். டெலிகாஸ்டரில் பிக்அப் 2. அசையும் உறுப்பு குறைவு. சுருதி கலைவதும் குறைவு. ஸ்ட்ராடோகாஸ்டரில் பிக்அப் 3. மடியில் சுகமாக உட்காரும். நாதத்தில் அதிக விதம் உண்டு. ஆனால் அதில் தந்திகளை நெகிழச் செய்யும் ஒரு கைப்பிடியும், பின்னால் சுருள்வில்களும் இருக்கின்றன. ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி மாறக்கூடும். கை சின்னதாக உள்ள பெண் குழந்தைக்கு, இதே கம்பெனி 1964-ல் கொண்டுவந்த 'மஸ்டாங்' என்ற மாதிரியையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மற்ற இரண்டிலும் தந்தி நீளம் 25½ அங்குலம். இதில் 24 அங்குலந்தான். விரல் எட்டுவது சுலபம்.

சங்கீதம் தெரியாத அம்மாவும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கழுத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழ் வரை ஓட்டிப் பாருங்கள். மெட்டுக் கம்பிகளின் நுனி குத்தினால், அது எந்த ஊர்க் கிதாரானாலும் வேண்டாம். பிறகு குழந்தையைக் கால்மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு மீட்டச் சொல்லுங்கள். 3½ கிலோ கனம் இருக்கும். தோள் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைக்கும்போது 'கிர்' என்று இரைகிறதா என்று கவனியுங்கள்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் கிதாருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் இந்த வாத்தியம் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அதற்கும், ஆறு மாதம் வாத்தியார் சம்பளத்துக்கும் ஒதுக்கிவைத்துவிட்டு, மீதிப் பணத்தில் குழந்தையின் கைக்கு எது இதமாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். என்ஸெனாடாக் கிதாரும் மிச்சப் பணத்தில் ஒரு வாத்தியாரும் கிடைத்தால், கரோனாக் கிதார் மட்டும் வாங்கிப் பரணில் ஏற்றுவதைக் காட்டிலும் வீட்டில் பாட்டு அதிகம் கேட்கும்.