சீல் மேல் போட்ட பழி

ஹைட்ராலிக் சிலிண்டருக்குப் புது சீல் போட்டாலும் ஒழுகும் என்று தெரிந்தே சீல் போட்டுக் கொடுத்துக் கூலி வாங்கியிருக்கிறேன். ஏதோ அவசரத்தில் எப்போதாவது நடந்ததல்ல. கோடை சீசனில் அதுவே என் வழக்கமாக இருந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் சிலிண்டர்களில் தொழில் பழகியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

டிராக்டர் லோடர் சிலிண்டர்கள் ஏரி வண்டல் அடிக்கிற மாதங்களில்தான் பட்டறைக்கு அதிகம் வரும். “தம்பி, நாளைக்குக் காலையில வண்டி ஏரியில நிக்கோணும்” என்பார்கள். கிளாண்டைக் கழற்றி, ராடை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை ராடின் மேல் மெல்ல இழுப்பேன். நகம் தட்டுகிற இடத்தில் குரோம் போயிருக்கும். அந்தப் பூச்சின் கனமே பெரும்பாலும் 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். ராடு வெளியே நீண்டிருக்கும்போது ஒரு கல் வந்து விழுந்தாலே வடுப்பட்டுவிடும். நீட்டியபடியே மழையில் நிறுத்திய வண்டி என்றால், அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள் இருக்கும்.

பழைய சீலைப் பார்த்தாலும் காரணம் பிடிபட்டுவிடும். உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கும், அல்லது கிளாண்ட் புஷ் நீள்வட்டமாகியிருக்கும். சீல் மொத்தமும் கெட்டியாகி வெடித்திருந்தால் எண்ணெய் சூடேறியிருக்கிறது. உதட்டில் கீறல் கீறலாக இருந்தால் ராடு கெட்டுவிட்டது. இவ்வளவும் தெரிந்ததால்தான், வண்டி முதலாளி வந்து பார்ப்பதற்குள் பழைய சீலைக் கழிவு எண்ணெய் டின்னில் போட்டுவிடுவேன்.

செய்ய வேண்டிய வேலை எது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. ராடை ‘வி’ பிளாக்கில் உருட்டி டயல் வைத்து வளைவு பார்க்க வேண்டும். பழுதென்றால் கோவைக்கு அனுப்பி ஹார்டு குரோம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது ராடு போட வேண்டும். நாளாகும், செலவும் சீல் கிட்டைப் போலப் பல மடங்கு. அதைச் சொன்னால் ஆள் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார் என்ற பயம். எமெரி பேப்பரை எடுத்து ராடு பளபளக்கும்வரை நீளவாக்கில் தேய்ப்பேன். நீளவாக்கில் தேய்த்தால் எண்ணெய் வெளியே வர நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறோம். மிச்சமிருந்த குரோமும் அந்த இடத்தில் போய்விடும். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது புது ராடு.

சீலைக் குற்றம் சொல்வது அநியாயம். 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா நீரழுத்த பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த பிரஸ்ஸுக்கும் கசிவுதான் தலைவலி. அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேதான் கிண்ண வடிவத் தோல் வளையத்தை வைத்து அதை நிறுத்தினார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏற உதடு விரிந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். இன்றைய பாலியூரித்தேன் சீலும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. வழவழப்பான ராடைக் கொடுத்தால் வருடக்கணக்கில் உழைக்கும். சொரசொரப்பான ராடில் அழுத்தம் ஏறினால், அதே அழுத்தம் சீலைத் தேய்த்துக் கிழிக்கும்.

அப்படி நான் செய்து கொடுத்த ஒரு வண்டி சீக்கிரமே திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் சம்பளத்துக்கு இருந்த டிரைவர். ஒழுகுகிற இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். ஹோஸில் ஊசிமுனைத் துளை இருந்தால், அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அட்டையை நீட்டித்தான் கசிவு தேட வேண்டும். அன்று என் யோசனையெல்லாம் முதலாளி வந்தால் என்ன சொல்வது என்பதில்தான் இருந்தது.

முதலாளி வந்தார். “சீல் நல்ல சீல்தானுங்க. பக்கெட் மூலையைக் கொடுத்து வேர்க்கட்டையை நெம்பியிருக்காப்ல, அதான்” என்றேன். நம்பக்கூடிய பொய். 75 மில்லிமீட்டர் சிலிண்டர் 180 பார் அழுத்தத்தில் சுமார் 8 டன் தள்ளும். மூலையில் நெம்பினால் ஒரு பக்க ராடு வளையத்தான் செய்யும். “அண்ணா, நான் நெம்பவே இல்லீங்க” என்றார் டிரைவர். அவர் சொன்னது உண்மை. ராடில் வளைவே இல்லை. வடு, முதல் தடவை நான் பார்த்து எமெரி போட்டு மறைத்த அதே இடத்தில் இருந்தது. இரண்டாவது சீல் கிட் செலவை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக முதலாளி என் முன்னால்தான் சொன்னார். பேசாமல் இருந்தேன். பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பணம் இன்னும் என் கணக்கில்தான் இருக்கிறது. டிரைவர் அந்த வண்டியை விட்டுப் போய்விட்டார். முதலாளியிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் இன்னும் என் வாடிக்கையாளர்.

‘பக்கெட் தானாக இறங்குது’ என்று வருகிறவர்களிடமும் இதே கைவரிசைதான். பிஸ்டன் சீல் போயிருக்கலாம், வால்வு ஸ்பூல் தேய்ந்தும் இருக்கலாம். எது என்று பார்ப்பது சிரமமே இல்லை. பூமைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சிலிண்டரை முழுக்க நீட்டிவிட்டு எஞ்சினை நிறுத்த வேண்டும். லிவரை ஆட்டி அழுத்தத்தை விட்டபின் ராடு பக்க ஹோஸைக் கழற்றி, ஹோஸ் முனையை மட்டும் அடைக்க வேண்டும். பிறகு மறுபடி தூக்கும் பக்கமே எண்ணெய் கொடுக்கும்போது, சிலிண்டரின் திறந்த வாயில் எண்ணெய் தொடர்ந்து வந்தால்தான் பிஸ்டன் சீல் குற்றவாளி. நான் பார்க்கமாட்டேன். வால்வு வேலையில் எனக்கு லாபம் இல்லை, சீல் கிட்டில் உண்டு.

இப்போது ராடு கெட்டிருந்தால் சீல் மட்டும் போட மறுத்துவிடுகிறேன். மனம் திருந்திவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் குரோம் போட்ட ராடை வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருகிற கடைகள் வந்துவிட்டன. லேத்தில் கொடுத்து மரை வெட்டினால் வேலை சீக்கிரம் முடிகிறது. எனக்கும் அதில் லாபம் கூடுதல். நேர்மை எனக்குக் கட்டுப்படியான பிறகுதான் வந்தது.

சிலிண்டரைப் பட்டறையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். ராடை உருவும்வரை பக்கத்தில் நில்லுங்கள், நகத்தை நீங்களே இழுத்துப் பாருங்கள், பழைய சீலைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக் டிரைவரைக் கை காட்டினால், அவர் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன் அந்த ராடை இன்னொரு பட்டறையில் காட்டிக் கேளுங்கள்.