பிலிப்ஸ் தெரு, 66-ஆம் எண்

பாஸ்டன் சட்டமன்றத்தின் பொற்கூரைக்கு எதிரே ஒரு வெண்கலச் சிற்பம். குதிரை மேல் வெள்ளைக்காரத் தளபதி. அவரைச் சுற்றித் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி நடந்துபோகும் கறுப்பின வீரர்கள். அதன் முன்னால் பத்துப் பதினைந்து பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஓய்வுபெற்ற தம்பதி, கல்லூரி மாணவர்கள், தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்திருக்கும் ஒரு சிறுமி, அவள் அம்மா. தேசியப் பூங்காத் துறையின் அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த கறுப்பினப் பெண் ரேஞ்சர் எல்லோரும் வந்தாயிற்றா என்று பார்க்கிறார். கட்டணம் கிடையாது.

முகங்களைக் கவனியுங்கள் என்கிறார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. 1863 மே 28 அன்று 54-ஆவது மாசசூசெட்ஸ் படை இதே பீக்கன் தெரு வழியாகத்தான் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்டது. ஜூலையில் வாக்னர் கோட்டையைத் தாக்கியபோது தளபதி ராபர்ட் கூல்ட் ஷாவும் வீரர்கள் பலரும் மாண்டார்கள். அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்த சிற்பம் 1897-இல் திறக்கப்பட்டது. பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்கிறார். அங்கே, அந்தப் போரில் உயிர்விட்ட 64 கறுப்பின வீரர்களின் பெயர்கள். அவை பொறிக்கப்பட்டது 1982-இல். சிறுமி மனக்கணக்குப் போட்டு, “எண்பத்தைந்து வருஷம்மா” என்கிறாள். அம்மா பதில் சொல்லவில்லை.

சிற்பம் நிற்கும் பூங்காவிலிருந்துதான் புகழ்பெற்ற சுதந்திரப் பாதையும் தொடங்குகிறது. நடைபாதையில் ஓடும் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் புரட்சிக் காலத்து இடங்கள் ஒவ்வொன்றாக வந்துவிடும். இந்தக் கூட்டத்துக்குக் கோடு இல்லை. தொப்பியைப் பின்தொடர்ந்து பீக்கன் ஹில்லின் வடசரிவில் இறங்குகிறார்கள். செங்கல் நடைபாதை, பகலிலும் எரியும் கேஸ் விளக்குகள், ஜன்னல் தொட்டிகளில் பூச்செடி. இன்று நகரத்தின் விலை உயர்ந்த பகுதிகளில் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் பாஸ்டனின் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் குடியிருந்த பகுதி இது.

பிங்க்னி தெருவில் கறுப்பினத்தவரான ஜார்ஜ் மிடில்டனின் சிறிய மர வீடு. 1787-இல் கட்டியது. ரேஞ்சர் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு வெளியே வருகிறார். கூட்டம் ஒதுங்கி வழிவிடுகிறது. இந்த நடையில் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை தனியார் வீடுகள். உள்ளே போக முடியாது. தெருவில் நின்று, சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டியதுதான்.

பிலிப்ஸ் தெரு 66-இல் எல்லோரும் நெருங்கி நிற்கிறார்கள். லூயிஸ் ஹேடன், ஹாரியட் ஹேடன் தம்பதியின் வீடு. கென்டக்கியில் அடிமைகளாக இருந்து 1844-இல் தப்பி வந்தவர்கள். தங்களைப் போலத் தப்பி வந்தவர்களுக்கு இங்கே சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். 1850-இல் வந்த புதிய சட்டம், தப்பியவர்களை வடக்கு மாநிலங்களில் புகுந்தும் பிடித்துப்போக வழிசெய்தது. அந்த வருஷம் இந்த வீட்டில் ஒளிந்திருந்தவர் வில்லியம் கிராஃப்ட்.

கிராஃப்ட் தம்பதி தப்பிய கதையை ரேஞ்சர் அவசரப்படாமல் சொல்கிறார். 1848 டிசம்பர், ஜார்ஜியாவின் மேக்கன் நகரம். மனைவி எலன் வெளிறிய நிறத்தவர். நோயாளியான வெள்ளைக்கார முதலாளியாக ஆண் வேடம் போட்டார். கணவன் அவருடைய அடிமையாக நடித்தார். எலனுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது? வலது கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டார். ரயிலிலும் கப்பலிலும் முதலாளிகள் நடுவிலேயே உட்கார்ந்து பிலடெல்ஃபியா வந்து சேர்ந்தார்கள்; பிறகு பாஸ்டன்.

அவர்களைத் தேடி அடிமை பிடிப்பவர்கள் பாஸ்டனுக்கு வந்தபோது ஹேடன் வெடிமருந்துப் பீப்பாய்களைத் தயாராக வைத்துக்கொண்டு, வீட்டையே கொளுத்துவேனே தவிர ஆளை விடமாட்டேன் என்று நின்றதாகச் சொல்கிறார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள். கிராஃப்ட் தம்பதி இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். 1893-இல் இறந்த ஹாரியட், கறுப்பின மாணவர்கள் மருத்துவம் படிக்கட்டும் என்று தன் சொத்தை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்தார். ஓய்வுபெற்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். எதிரில் வந்த கார் ஒன்று ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறது.

கடைசியில் ஸ்மித் கோர்ட் என்னும் முட்டுச் சந்து. மூலையில் ஏபியல் ஸ்மித் பள்ளி, கறுப்பினக் குழந்தைகளுக்கென்று 1835-இல் கட்டியது. சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுப் பெண், வழியில் ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டி இங்கே வர வேண்டியிருந்தது. தந்தை வழக்குப் போட்டார். கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும் சார்லஸ் சம்னரும் வாதாடினார்கள். 1850-இல் தோற்றார்கள். 1855-இல் மாநிலமே சட்டம் போட்டுத் தனிப் பள்ளிகளை ஒழித்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சாகவில்லை. 1896-இல் உச்ச நீதிமன்றம் இனப்பிரிவினையை ஏற்றபோது அதையே மேற்கோள் காட்டியது. பள்ளிப் பிரிவினையை அதே நீதிமன்றம் தூக்கியெறிய 1954 ஆயிற்று. ஒரு குழந்தை நடந்த தூரத்தை நீதிபதிகள் பொருட்படுத்தாததன் விலை இது.

பக்கத்திலேயே ஆப்பிரிக்கர் கூட்ட அரங்கம். கறுப்பினக் கைவினைஞர்கள் உழைத்து 1806-இல் எழுப்பிய தேவாலயம். வாசல் மேல், நிதி திரட்டிய கேட்டோ கார்ட்னரின் பெயர். 1832-இல் வில்லியம் லாய்ட் காரிசன் நியூ இங்கிலாந்து அடிமை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கியது இங்கேதான். கறுப்பின மக்கள் சவுத் எண்டுக்கும் ராக்ஸ்பரிக்கும் இடம் பெயர்ந்த பிறகு இது யூதர்களின் தொழுகைக் கூடமானது. 1972-இல் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் வாங்கி மீட்டது. அத்தனை தூரம் கதவுகளைப் பார்த்தே வந்தவர்களுக்கு இது திறக்கிறது. சிறுமி முதல் ஆளாக நுழைகிறாள்.

பாஸ்டனில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க நம்மூர்ப் பெற்றோர் எத்தனையோ பேர் போகிறார்கள். ஹார்வர்டைப் பார்த்த கையோடு பீக்கன் ஹில்லுக்கும் ஒரு காலையை ஒதுக்குங்கள். மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்தான்; ஏற்ற இறக்கம் உண்டு, நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.