மீன் சந்தைக்கு அருகே ஒரு பகல் போஜனம்

டோக்கியோ நகரத்திலே ஸுகிஜி என்று ஒரு பேட்டை இருக்கிறது. ‘தூர்த்து உண்டாக்கிய நிலம்’ என்பது அப்பெயரின் பொருள். 1657-ஆம் வருஷத்துப் பெருந்தீயில் நகரம் வெந்து சாம்பலான பிறகு கடலைத் தூர்த்து எடுத்த இடம் அது. 1923-ஆம் வருஷத்துப் பூகம்பம் நிஹோன்பாஷியிலிருந்த பழைய மீன் சந்தையை அழித்துவிடவே, சந்தை இங்கே குடியேறிற்று. 1935-இல் பெரிய கட்டடமும் எழுந்தது. எண்பத்து மூன்று வருஷகாலம் உலகப் பிரசித்தி பெற்று விளங்கிய அந்த மொத்த வியாபாரச் சந்தை, 2018 அக்டோபரில், ஏறக்குறைய ஒன்றரை மைலுக்கு அப்பாலுள்ள டொயோஸுவுக்குப் போய்விட்டது. அதைச் சுற்றி வளர்ந்த வெளிச் சந்தை மட்டும் போகவில்லை.

இந்தப் பேட்டையில் கால் வைக்கும் இந்தியனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. 1934-இல் கட்டி முடித்த ஹோங்வான்ஜி என்னும் பௌத்த ஆலயத்தின் முகப்பு, நம் தேசத்துக் குகைக் கோயில்களின் முகப்பை நினைப்பூட்டுகிறது. அதை அமைத்த இட்டோ சூட்டா இந்தியாவெங்கும் யாத்திரை செய்தவர். மற்றொரு கோடியிலே, அலையைத் தடுக்கும் தெய்வத்துக்கு ஒரு சிறு கோவில். அங்கே, மனிதர் நாவுக்காக உயிர் நீத்த இறாலுக்கும், ஸுஷிக்கு ஆன மீன்களுக்கும், முட்டைக்குங்கூட நன்றிக் கற்கள் நாட்டியிருக்கிறார்கள்!

வெளிச் சந்தையிலோ நடக்க இடமில்லை. பெயர் பெற்ற கடைகளின் முன்னால் அனுமார் வால் போல ஜனங்களின் வரிசை. என்னுடன் வந்த ஜப்பானிய நண்பர் அதைத் திரும்பியும் பாராமல், இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத ஒரு சந்துக்குள் புகுந்தார். வாசலில் நீலத் துணித் திரை. உள்ளே ஒரு மரப் பலகை, அதன் முன் எட்டு முக்காலிகள். பலகைக்குப் பின்னால் எழுபது பிராயம் மதிக்கத்தக்க ஒரு பெரியவர்.

‘பச்சை மீனைத் தின்பதா!’ என்று முகம் சுளிக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. ஸுஷி என்னும் சொல்லுக்குப் புளித்தது என்றே பொருள். ஆதியில் அது சோற்றுக்குள் மீனை மாதக் கணக்காய்ப் புளிக்க வைத்து, சோற்றை எறிந்துவிட்டு மீனை உண்ணும் உபாயம். பீவா ஏரிக் கரையில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீன் துண்டை வைத்துத் தருவது சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன்பு இந்நகரில் தோன்றிய வழக்கம். அவசரக்காரர்களுக்கான தெருக்கடைப் பலகாரம் அது. ஐஸ் இல்லாத காலமாகையால் மீனைச் சும்மா வைப்பதில்லை. உப்பிடுவார்கள், காடியில் தோய்ப்பார்கள், வேகவைப்பார்கள். பெரியவர் முதலில் கொடுத்த கொஹாதா என்னும் சிறு வெள்ளி மீன் அந்த வம்சந்தான். உப்பும் காடியும் அளவாய் ஏறி, மீன் நாற்றமே இல்லை. சூரை மீன் சோயாச் சாற்றில் ஊறிக் கருஞ்சிவப்பாய் வந்தது. கடல் விலாங்கோ வெந்து வாயில் கரைந்தது. ஒவ்வொன்றையும் கையால் எடுத்து உண்ணலாம். நமக்குப் பரம சௌகரியம்! நடுநடுவே காடியில் ஊறிய இஞ்சி. மாமிசம் புசியாதவர்களுக்கு வெள்ளரிக்காய்ச் சுருள் உண்டு. அதையும் ருசி பார்த்தேன், குறை சொல்வதற்கில்லை.

“சந்தை போனதில் நஷ்டமா?” என்று நண்பர் மூலம் கேட்டேன்.

“முன்பு பகலில் ஒரு மீன் தீர்ந்தால், ஓடிப்போய் வாங்கி வருவேன். இப்போது விடியுமுன் வண்டியில் போய் வருகிறேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான்,” என்றார். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஏலம் முடிந்து பசியோடு வந்து இந்த முக்காலிகளை நிரப்பியவர்கள் சந்தைக் கூலிகளும் தரகர்களும். அவர்கள் இப்போது டொயோஸுவில் சாப்பிடுகிறார்கள்.

பழைய சந்தை நிலத்தில் சுமார் 50,000 பேர் அமரும் அரங்கம் கட்டும் திட்டம் 2024-இல் தெரிந்தெடுக்கப்பட்டது. “ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கும் பசிக்குமே!” என்று சிரித்தார் அவர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கூட்டம் பெயருள்ள கடையைத் தேடுமேயன்றி, இந்தச் சந்துக்குள் வருமா?

ஒன்றரை மணிக்குக் கடைசிக் கொஹாதா தீர்ந்தது. திரையை விலக்கி எட்டிப் பார்த்த இருவரைத் தலை வணங்கி அனுப்பிவிட்டு, பெரியவர் திரையைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தார்.