மூணாற்றின் கால்பந்து மைதானம்

போடிமெட்டு வழியாக மூணாறு செல்வோர் தேயிலைப் பசுமையில் மயங்கித் திரும்பிவிடலாகாது. பழைய மூணாற்றின் கால்பந்து மைதானத்தையும் காணவேண்டுகிறோம். தோட்டக் குழுக்கள் மோதும் பின்லே கேடயப் போட்டி 1941-இல் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் ஆங்கிலத் துரைமார். அதற்கு உயிரூட்டியவரோ திருநெல்வேலி, மதுரைச் சீமைகளினின்று மலையேறிய நம்மவரின் மக்கள். குண்டுமலை, கன்னிமலை, நல்லதண்ணி எனத் தோட்டத்திற்கொரு குழு. கொழுந்துக் காட்டில் ஏறியிறங்கும் கால்களே பந்தையும் உதைக்கின்றன. துரைமார் போயினர், 2005-இல் தொழிலாளரே நிறுவனத்தின் பங்குதாரராயினர், ஆட்டம் நிற்கவில்லை. லயத்து வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்தாகவேண்டும். ஆயினும் தந்தை ஆடிய தோட்டத்தின் பெயரால் மகனும் ஆடுகிறான். பட்டா இல்லாத அவர்களுக்கு அந்தப் பெயரே ஊர். அயலூரில் வாழும் நமக்கு இது விளங்காததன்று.