அலவனும் புற்றும்

ஔடதகிரியே, மருந்து மலையே! அனுமன் ஏந்திச் சென்ற சஞ்சீவியினின்று உதிர்ந்த துண்டு நீ என்பர் திருவந்திபுரத்து முதியோர். உன் 74 படிகளையும் மணக்கோலத்தில் ஏறியவள் என் தமக்கை. அவளுக்கென ஒரு பச்சிலை உன்பால் முளைத்திலதே!

மருத்துவர் நோயின் பெயரை உரைத்த அன்று வழியெல்லாம் பேசாதிருந்தவள், கெடில ஆற்றங்கரையில் வாய் திறந்தாள். “கேன்சருன்னா என்னடா பொருள், தம்பி? நீதான் சொல்லுக்கெல்லாம் வேர் தேடுறவனாச்சே.”

“நண்டு, அக்கா.”

சிரித்தாள். சிறுமியாய் இம்மணலில் வளைதோறும் ஈர்க்குவிட்டு நண்டு பிடித்தவள் அல்லளோ!

2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்து ஹிப்பாக்ரடீஸ் வழியினர் ஆறாப் புண்ணையும் கட்டியையும் நண்டென்னும் பொருளில் கார்கினோஸ் என்றனர். உரோமானியர் செல்சஸ் அதனையே இலத்தீனில் கேன்சர் எனப் பெயர்த்தார். கட்டியைச் சூழ்ந்து புடைத்த நாளங்களில் அலவனின் கால்களைக் கண்டார் கிரேக்க மருத்துவர் கேலன். வீக்கத்துக்கு அவர்தம் மொழியில் ஓங்கோஸ் என்றும் ஒரு சொல் உண்டு. பாரம் என்பதும் அதன் பொருளே. ஆங்காலஜி அதில் பிறந்தது. பாரமாம்! அவளைத் தூக்கி நிறுத்திய என் கைகள் அறிந்ததோ, நாளுக்கு நாள் குறைந்த எடையை.

தமிழர் கண்டது புற்று. மண்ணுக்கடியில் ஓசையின்றி அறையறையாய்ப் பெருகி, ஒருநாள் மேலெழுந்து நிற்கும் புற்று. இச்சொல்லே மெய்க்கு அணித்து என்பேன். நண்டுக்கேனும் மணலில் சுவடுண்டு. அரவரசன் ஆதிசேடன் நிலம் பிளந்து நீர் கொணர்ந்த ஊர் இது. அகீந்திரபுரம் என்னும் இதன் பெயரும் அவனால் வந்ததே. அவன் தீர்த்தத்தில் உப்பும் மிளகும் இட்டு வேண்டினோம். புற்றில் உறையும் குலத்தோனே, உன் ஊர்மகளை உன் மனையின் பெயர் கொண்ட நோய் உண்டதே!

பிழைத்தெழுந்தால் அவள் கூந்தலை இவ்வூர்ப் பெருமாள் தேவநாதனுக்கு இறக்குவதாக நேர்ந்திருந்தாள் அன்னை. கீமோதெரபி முந்திக்கொண்டது. தலையணையில் உதிர்ந்த கற்றைகளைப் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்தாள். அம்முடிப்பு இன்னும் பூசை மாடத்தில் இருக்கிறது.

1923இல் தங்கையை இந்நோய்க்கு இழந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கச் செய்தார். என் கையிலோ சொல்லின் வேர்களன்றி ஒன்றுமில்லை.

நேற்று மாலை மலையிறங்கி ஆற்றுக்கு வந்தேன். ஈரமணலில் சிறு நண்டொன்று வளைவாயிலில் நின்றது. அவள் இருந்திருந்தால் ஈர்க்கு ஒடித்திருப்பாள். நான் ஒதுங்கி நடந்தேன்.