இலைக் கணக்கும் இரத்த உறவும்

திசைக்கொருவராய்ப் பிரிந்து வாழும் உற்றார் ஆண்டில் ஒருமுறை கூடி, ஒரே திருப்பலியில் பங்குபெற்று, ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது போற்றத்தக்க வழக்கம். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. இத்தகைய ஒன்றுகூடலை அத்திருச்சபையின் பெருவிழா எனலாம். ஆயினும் இவ்விழாக்களுள் சில, மண்டபத்தாரோடு மனத்தாங்கலில் தொடங்கி, சமையல்காரரோடு வாக்குவாதமாய் வளர்ந்து, இறுதியில் உடன்பிறந்தோர் முகம் பாராத நிலையில் முடிவதை நாம் கண்டு வருந்துகிறோம்.

முன்னாளில் வீட்டு முற்றத்தில் பந்தலிட்டு, உறவினரே சமைத்துப் பரிமாறினர். இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்துள்ள நம் குடும்பங்களில் அண்ணன் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்; தம்பி வளைகுடா நாட்டில் இருக்கிறார்; தங்கை பெங்களூரில் வாழ்கிறார். ஆகவே மண்டபமும் ஒப்பந்தச் சமையலும் தேவையாகிவிட்டன. அதில் குற்றமில்லை. முற்றத்துப் பந்தலுக்குப் போதுமாயிருந்த வாய்ச்சொல்லே இதற்கும் போதும் என்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது.

'இலைக்கு இவ்வளவு' என்று பேசி முடிக்கிறோம். முந்நூறு இலைக்குச் சொல்லி இருநூற்றிருபது பேர் வந்தால் எதற்குப் பணம்? வந்தவர்க்கா, சொன்னதற்கா? ஷிப்ட் முடிந்து பிந்தி வருவோர் எந்தக் கணக்கில் சேர்வர்? சமையல்காரர் தீர்ந்துபோன இலைக்கட்டைக் காட்டுகிறார். வீட்டார் பந்தி வரிசையை எண்ணிச் சொல்கிறார். மண்டபத்திலோ வாடகை ஒன்று; மின்கட்டணம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவுக் கூலி ஆகியவை வேறு. இவற்றை முன்னரே எழுதிக் கொள்ளாதவர், விருந்தினர் விடைபெறும் வேளையில் வாயிலில் நின்று வாதாட நேர்கிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தைப் பெருமழையால் வாட்டியதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 4-ஆம் நாள் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் அரசு பொது விடுமுறை அறிவித்தது. நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தார் அந்த நாளில்தான் ஒன்றுகூட எண்ணியிருந்தனர். மண்டபத்தினுள் நீர் புகுந்தது, விழா நின்றது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் நாற்பதாயிரம், சமையலுக்கு இருபத்தைந்தாயிரம். 'முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதில் அச்சிட்டிருந்ததை மண்டபத்தார் காட்டினர். சமையல்காரருக்குத் தம்பி கையில் கொடுத்த தொகைக்கோ ரசீதே இல்லை. அண்ணன் ஐயுற்றார், தம்பி மனம் நொந்தார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியில் அண்ணன் ஆலயத்தின் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் அமர, முதிய பெற்றோர் எப்பக்கம் அமர்வதென்று அறியாது நடுவே நின்றனர்.

இவ்விடத்தில் சட்டம் கூறுவதை அறிவது நன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 56-ஆம் பிரிவில், செய்ய ஒப்புக்கொண்ட செயல் பின்னர் இயலாததாகிவிட்டால் அவ்வொப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. அவ்வாறு செல்லாமற்போன ஒப்பந்தத்தால் பெற்ற பயனைத் திருப்பித்தர வேண்டும் என்பது 65-ஆம் பிரிவு. வெறும் சிரமமோ கூடுதல் செலவோ இயலாமை ஆகாது; ஆனால் மண்டபமே நீரில் நிற்கும்போது வாதத்திற்கு இடமில்லை. நாமே மனம் மாறி விழாவைக் கைவிட்டால் நிலை வேறு. அப்போதும், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை குறித்திருந்தால், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடே உரியது என்கிறது 74-ஆம் பிரிவு.

உன் சகோதரன் பிழை செய்தால் முதலில் தனியே பேசு. பயனில்லையேல் ஓரிருவரை உடன் அழைத்துச் செல். அதன் பின்னரே சபைக்குச் சொல் என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் மூன்று படிகளைக் காட்டுகிறார். அக்குடும்பத்தின் பொருட்டு, பங்குப் பேரவைப் பெரியவர் இருவரோடு நாம் சென்றோம். ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துரைத்தபோது மண்டபத்தார் இணங்கி, மேற்கொண்டு வாடகை கேளாமல் மே மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கினர். சமையல்காரர், தாம் வாங்கி அழுகிப்போன காய்கறிக்கும், உதவியாளர் அறுவருக்குக் கொடுத்த கூலிக்கும் கணக்குக் காட்டினார். பெற்ற முன்பணம் இருபத்தைந்தாயிரமே என்றும் தாமாகவே சொன்னார். அண்ணன் தலை குனிந்தார். முழுத் தொகையையும் கேட்கச் சட்டத்தில் வழி இருந்திருக்கலாம். ஆயினும் நமக்காக வாங்கிய காய்கறியின் இழப்பை அந்த ஏழை மனிதர்மேல் சுமத்த அவர் மனச்சான்று இடந்தரவில்லை. அதனைக் கழித்து எஞ்சியதை இரு தவணையில் பெற்றுக்கொண்டார்.

பேச்சு பலிக்காவிடில்? விசுவாசிகள் வழக்காடுவதைப் புனித சின்னப்பர் கண்டித்தாரே என்று சிலர் தயங்குவர். அவர் கண்டித்தது, பகையும் பேராசையும் கொண்டு சகோதரர் ஒருவர்மேல் ஒருவர் தொடுத்த வழக்குகளை. நீதி மறுக்கப்பட்டபோது அவரே செசாரிடம் முறையிட்டார் அன்றோ? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. சமரசத்துக்கும் அச்சட்டம் இடமளிக்கிறது. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து வழி கேட்கலாம். ஆனால் ரசீது இல்லாதவருக்கு எந்தப் படியும் செங்குத்தானதே.

ஆதலால் அன்பர்களே, முன்பணம் கொடுக்குமுன் ஒரு தாளில் இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: நாளும் நேரமும்; குறைந்த அளவு இலை எத்தனை, கூடினால் இலைக்கு என்ன விலை, எண்ணுபவர் யார்; வாடகையில் அடங்குபவை எவை, அடங்காதவை எவை; விழா நின்றால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் எவ்வளவு திரும்பும்; புயல், வெள்ளம், அரசு ஆணை ஆகியவற்றால் தடைப்பட்டால் என்ன வழி. உடன்பிறந்தோரும் தத்தம் பங்குத் தொகையை எழுதிக் கொள்ளட்டும். எழுதுவது அவநம்பிக்கையன்று, நாளை எழக்கூடிய ஐயத்தை இன்றே அகற்றும் அன்புச் செயல் அது.

வழக்கு எதுவாயினும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாத்திரம் துலக்கிய பெண்ணும், இலை எடுத்த சிறுவனின் தந்தையும் நம் வழக்கில் கட்சிக்காரர் அல்லர். அவர்கள் கூலி அன்றிரவே அவர்கள் கையில் சேர்ந்ததா என்று கேட்டறிவது விழா நடத்தியவரின் கடமை. நிறுத்திவைத்த கூலி ஆண்டவர் செவியில் ஓலமிடுகிறது என்று புனித யாகப்பர் எச்சரிக்கிறார்.

கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது, யார் கணக்குப் பிழைத்தது என்று நம் அன்னை கேட்கவில்லை. குறையை மட்டும் தம் மகனிடம் சொன்னார். விருந்தில் குறை நேரலாம். உறவில் குறை நேராமல் காப்போமாக.